மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு: முதல்முறை தனியாகப் பறக்கும் அம்மா அப்பாக்களுக்கு

செம்பூர் சேடா நகரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து மட்டும் இதுவரை ஏழு பேர் அமெரிக்கா போய் வந்திருக்கிறார்கள். ஏழு பேருமே மகள் பிரசவத்துக்கோ மருமகள் பிரசவத்துக்கோ போனவர்கள். அவர்களில் ஐந்து பேர் அதற்குமுன் விமானத்தில் ஏறியதே இல்லை. தாதரிலோ குர்லாவிலோ ரயில் ஏறி, ஊருக்குப் போய் வந்ததுதான் அவர்கள் அறிந்த நெடும்பயணம். நான் 2015-இல் முதல்முறை தனியாகப் போனேன், பிறகு மூன்று முறை. அதனால் யார் புறப்பட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: பதினாறு மணி நேரம் வானத்தில் எப்படி இருப்பது? அதற்குப் பயப்பட வேண்டாம். மேலே போனபின் சாப்பாடு கொடுக்க, தண்ணீர் கொடுக்க, உடம்புக்கு முடியவில்லை என்றால் கவனிக்க ஆள் இருக்கிறது. தொல்லை வருவதெல்லாம் தரையில். டிக்கெட்டில், பெயரில், தேதியில், பெட்டியில், வரிசையில். அதனால் தரையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

டிக்கெட் எடுக்கும்போது

மும்பைக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 12,500 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் ஏறக்குறைய பதினாறு மணி நேரம். 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து நம் நாட்டு விமானங்கள் மேற்கே போகச் சுற்றுவழி எடுக்க நேர்ந்தது. அதனால் பழைய ஆட்கள் சொல்லும் நேரக் கணக்கை நம்பாமல் உங்கள் டிக்கெட்டில் உள்ளதைப் பாருங்கள்.

வழியில் ஒரு நாட்டில் இறங்கி ஏறும் டிக்கெட் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். துபாய் வழி என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒரு பறப்பு, பிறகு சுமார் பதினான்கு மணி நேரம் இன்னொன்று. பணம் மிச்சம்தான். ஆனாலும் அறுபது தாண்டியவர், ஆங்கிலம் அதிகம் பேசாதவர், முதல்முறை தனியாகப் போகிறவர் என்றால் நேரடி விமானமே எடுங்கள் என்பேன். நடுராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், தெரியாத விமான நிலையத்தில் கேட் தேடி அலையும் சிரமத்துக்கு அந்த மிச்சம் ஈடாகாது.

இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். இடையில் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்துக்காரர்களுக்குப் பொறுப்பு கிடையாது. மூன்றாவது, ஐரோப்பா வழியாகப் போவதானால் அந்த நாட்டில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டுமா என்று டிக்கெட் எடுப்பதற்குமுன் கேட்டுவிடுங்கள்.

அபுதாபி வழி போகிறவர்களுக்கு ஒரு வசதி. அமெரிக்கக் குடியேற்றப் பரிசோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிபோல இறங்கி வெளியே போகலாம்.

மற்ற வழிகளில் போகும்போது, மகள் இருப்பது டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ என்றால், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டி கடைசி ஊர் வரை போய்விடும் என்று மும்பையில் சொன்னாலும் இது மாறாது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறது, நியூவர்க் விமான நிலையம் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதுபோல் டிக்கெட் அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்

இது நம்மவர்களை அதிகம் பிடிக்கும் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. ஆதாரில் ஆர். லட்சுமி, வங்கியில் லட்சுமி ராமநாதன், பாஸ்போர்ட்டில் வெறும் லட்சுமி. குடும்பப் பெயருக்கான கட்டம் காலி.

அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களின் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பார்த்துப் பதற வேண்டாம், தவறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் டிக்கெட் பதிவில் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒற்றைப் பெயரை எப்படி நிரப்புவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. பணம் கட்டுவதற்குமுன் அவர்களையே தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதுங்கள். மகனோ மகளோ அங்கிருந்து அவசரத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு, அம்மாவுக்குக் குடும்பப் பெயராக மருமகன் பெயரைப் போட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்த நான்கு நாள் ஆயிற்று.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு துபாயில் இறங்கி இரண்டு நாள் ஊர் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எண்ணுகிறவர்கள் முதலில் விசாரியுங்கள். பார்வையாளர் விசாவில் வரும் ஒற்றைப் பெயர்க்காரர்களை அனுமதிப்பதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு விதித்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்வது எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் அதை விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

தேதி

மும்பையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 01:40 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவு.

சயானில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் 15-ஆம் தேதி பகலில் கோயிலுக்குப் போய் வந்து, எல்லோரிடமும் ஆசி வாங்கி, இரவு பத்து மணிக்கு நான்கு பெட்டிகளோடு விமான நிலைய வாசலில் போய் நின்றார். வாசலில் இருந்த பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, விமானம் இன்று அதிகாலையே போய்விட்டதே என்று சொன்னபோது அவருக்கு அது புரியவே சில நிமிடம் பிடித்தது. வேறு டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் பேரன் பிறந்துவிட்டான். வாசலில் நின்ற அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நாட்காட்டியில் விமானத் தேதியைக் குறிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் கிழமையையும் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

பெட்டி

அமெரிக்கா போகும் விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 23 கிலோவில் இரண்டு பெட்டி. சில மலிவு டிக்கெட்டுகளில் ஒன்றுதான். டிக்கெட்டில் படித்துப் பாருங்கள். கையில் கொண்டுபோகும் பைக்கு ஏழு அல்லது எட்டு கிலோ. கொக்கி வைத்த சிறிய தூக்குத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியை 22 கிலோவில் நிறுத்திவிட்டால், கவுன்ட்டருக்கு முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு முறுக்கு டப்பாவை எடுப்பதா, புடவையை எடுப்பதா என்று தவிக்க வேண்டியிருக்காது.

எதை வைக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பூஜைக்கு வேண்டும் என்று எல்லா அம்மாக்களும் முதலில் எடுத்து வைப்பது கற்பூரம். அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். பெரிய பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. தீப்பெட்டியும் அப்படியே. கொப்பரைத் தேங்காயும் எண்ணெய்ப் பசையால் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் தடைதான். செல்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைத்தால் பெட்டியை நிறுத்திவைத்து உங்களைத் தேடுவார்கள். துபாய் வழி போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குருமாப் பொடிக்குள் அரைத்துக் கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

அமெரிக்கா தன் பங்குக்குச் சிலவற்றைத் தடுக்கிறது. பழம், காய், விதை, செடி, இறைச்சி வேண்டாம். அரிசியும் கொண்டைக்கடலை போன்ற பயறும் வேண்டாம். கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சி உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் அவற்றைக் கொண்டுவருவதை விடுவதில்லை. நியூ ஜெர்சி எடிசனில் ஓக் ட்ரீ ரோடு முழுக்க நம் கடைகள்தான். பொன்னி அரிசி அங்கேயே கிடைக்கும்.

கறிவேப்பிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015-இல் மாட்டுங்கா சந்தையில் இரண்டு கொத்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியின் அடியில் வைத்தேன். மகளுக்கு ரசத்தில் அந்த வாசம் வேண்டும். நியூயார்க்கில் பெட்டிகள் சுற்றி வரும் பட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீண்ட காதும் பழுப்பும் வெள்ளையுமான உடம்புமாகச் சின்ன நாய் ஒன்று, ஒரு பெண் அதிகாரியோடு வரிசையாகப் பெட்டிகளை முகர்ந்துகொண்டே வந்தது. குரைக்கவில்லை, கீறவில்லை. என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து அமைதியாக உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். பீகிள் இன நாய்களை இதற்கென்றே பழக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் உள்ளே செடியோ பழமோ இறைச்சியோ இருக்கிறது என்று பொருள். அந்த அதிகாரி பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு, முன்பே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். எச்சரிக்கையோடு விட்டார். எல்லோரையும் அப்படி விடுவார்கள் என்று எண்ண வேண்டாம். சொல்லாமல் கொண்டுவருவதற்கு 1,000 டாலர் வரை அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஏன் இத்தனை கெடுபிடி என்று பிறகுதான் படித்தேன். கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சில்லிட் என்ற ஒரு சின்னப் பூச்சி அந்த இலையில் வாழும். அது பரப்பும் நோய் 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைப் பெருமளவு அழித்துவிட்டது. அதைப் படித்தபின் எனக்கு அந்த நாயின்மேலும் வருத்தமில்லை, அதிகாரியின்மேலும் வருத்தமில்லை.

சாம்பார் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, வறுத்து அரைத்த காப்பித்தூள், ஊறுகாய் எல்லாம் கொண்டுபோகலாம். ஆனால் பெரிய பெட்டியில். கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் அமெரிக்கா போகும் விமானங்களில் தனியாகச் சோதிப்பார்கள், சில நேரம் வாங்கி வைத்துவிடுவார்கள். ஊறுகாயும் தயிரும் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. ஊறுகாய்க்குக் கடை பாக்கெட்டே நல்லது. வீட்டு ஊறுகாய் என்றால் பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, இரண்டு பைக்குள் கட்டுங்கள். எல்லாப் பொட்டலத்திலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், டிக்கெட், மருந்து, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுடை, சால்வை, காலுறை, பேனா, காலித் தண்ணீர் பாட்டில். நகையைப் பெரிய பெட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். தாலி, இரண்டு வளையல், தோடு போதும். அதற்குமேல் போட்டுக்கொண்டு போவதானால் போகும்போதே சுங்க அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பும்போது இவை இங்கிருந்து போனவைதான் என்று காட்ட அதுதான் ஆதாரம்.

மருந்தும் ஒரு அட்டையும்

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். மருந்தின் வேதிப்பெயரோடு மருத்துவர் எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும். தங்கும் நாட்களுக்கு மேல் பத்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் கட்டாயம் கைப்பையில்தான். பெட்டிகள் இருக்கும் அடித்தளத்தில் குளிரில் அது உறைந்து கெட்டுவிடலாம். மும்பைக் காலையும் நியூயார்க் காலையும் ஒன்றல்ல. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், பயண நாளில் எந்த வேளை எதை எடுப்பது என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீட்டை இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்குமுன் எடுங்கள். முன்பே உள்ள நோய்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பகுதியை மகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஓர் இரவு மருத்துவமனையில் இருந்தால் வரும் தொகை ஒரு குடும்பத்தைக் கலங்கடிக்கும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிறகு அஞ்சலட்டை அளவில் ஓர் அட்டை. ஒரு பக்கம் மகளின் பெயர், முழு முகவரி, நாட்டு எண்ணோடு தொலைபேசி எண், விமான எண்கள். மறுபக்கம் உங்கள் நோய், மருந்துப் பெயர்கள், 'எனக்குத் தமிழ் தெரியும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எல்லாம் செல்பேசியில் இருக்கிறதே என்பார்கள் பிள்ளைகள். பதினாறு மணி நேரம் கழித்துச் செல்பேசியில் மின்சாரம் இல்லாமல் போவதுதான் வழக்கம். அட்டையைக் கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

புறப்படும் இரவு

சத்ரபதி சிவாஜி மகாராஜ் விமான நிலையத்தின் இரண்டாம் டெர்மினல் அந்தேரி கிழக்கில், சஹாரில் இருக்கிறது. நவி மும்பையிலும் புது விமான நிலையம் வந்துவிட்டது. டிக்கெட்டில் எது இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். செம்பூர்க்காரர்களுக்கு சாந்தாகுருஸ் இணைப்புச் சாலை வழி, பிறகு சஹார் மேம்பாலச் சாலை நேராகப் புறப்பாட்டுத் தளத்துக்கே கொண்டுபோய்விடும். மூன்றாம் மெட்ரோ வழித்தடத்துக்கு அங்கேயே நிலையம் இருக்கிறது. ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளோடு அது சரிப்படாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. சயானிலும் குர்லாவிலும் தண்ணீர் நின்றால் கணக்கெல்லாம் தப்பிவிடும். ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு வாசலில் இருப்பது நல்லது. கிளம்பும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்.

வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். அழுவது, ஆசி வாங்குவது, பையில் இன்னும் ஒரு டப்பா திணிப்பது எல்லாவற்றையும் காரிலிருந்து இறங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கும்போதுதான் கைப்பையைத் தள்ளுவண்டியில் விட்டுவிடுகிறார்கள்.

கவுன்ட்டரில் பெட்டியைக் கொடுத்ததும் இரண்டு சிறிய ஒட்டுச்சீட்டுகள் தருவார்கள். அதில் கடைசி ஊரின் பெயர்க் குறி சரியாக இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி வராவிட்டால் அந்தச் சீட்டுத்தான் துணை. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து குடியேற்றப் பரிசோதனை. முன்பெல்லாம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்தியர்களுக்கு அதை 2017 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். இந்தியிலேயே பதில் சொல்லலாம். அடிக்கடி போய் வருகிறவர்கள் விரைவுப் பயணிகள் திட்டத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் தானியங்கி வாயில் வழியே போகலாம். மும்பையில் அது 2025 ஜனவரியிலிருந்து இருக்கிறது.

பாதுகாப்புச் சோதனையில் பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர்தான் சோதிப்பார். புடவையில் குத்தியிருக்கும் ஊசிகள் கருவியில் ஒலிக்கும். எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பிறகு கேட் வரை நீண்ட நடை. வழியெல்லாம் சுவரில் இந்தியா முழுதிலுமிருந்து சேகரித்த சிற்பமும் ஓவியமும் வைத்திருக்கிறார்கள். நேரமிருந்தால் நின்று பாருங்கள். போர்டிங் பாஸில் எஸ் என்ற ஆங்கில எழுத்து நான்கு முறை அச்சாகியிருந்தால் கேட்டில் இன்னொரு சோதனை உண்டு என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

சக்கர நாற்காலியைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். முழங்கால் வலிப்பவர்கள், இதய நோயாளிகள் தயங்காமல் கேளுங்கள், கட்டணம் இல்லை. குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிய வேண்டும். படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு குறி. படியே ஏற முடியாதவர்களுக்கு வேறு குறி. உங்கள் நிலையைச் சரியாகச் சொல்லுங்கள். நன்றாக நடக்கிறவர்கள் மொழி தெரியாது என்பதற்காக மட்டும் நாற்காலியில் உட்காருவதை நான் ஏற்கவில்லை. உண்மையில் தேவைப்படுகிறவர் காத்துக் கிடக்கிறார். மொழிக்குத் துணை வேண்டுமென்றால் கூட வந்து வழிகாட்டும் சேவை தனியாக இருக்கிறது. அதை விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

விமானத்துக்குள்

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவனமாகப் படியுங்கள். இது டிக்கெட் எடுத்த உடனே செய்ய வேண்டிய வேலை. 'இந்து உணவு' என்று பட்டியலில் இருப்பது சைவம் அல்ல. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத அசைவம் அது. 'ஆசிய சைவம்' என்பதுதான் நம் பக்கத்துச் சாப்பாடு. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் 'ஜைன சைவம்' கேளுங்கள். எப்படியும் நான்கைந்து இட்லியை மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்குமுன் மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட வேண்டும்.

நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். ஜன்னலோரம் அழகுதான், ஆனால் எழுந்து போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும். நீங்கள் எழுந்தே ஆக வேண்டும். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நடங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். உள்ளே காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தாகம் தெரியாமலே உடம்பு வறளும். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்கள் செய்யும் பெரிய தவறு.

அந்தக் கழிவறையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கதவு நடுவில் மடியும். கைப்பிடியைத் தேடாமல் நடுவில் அழுத்தித் தள்ளுங்கள். உள்ளே போய்த் தாழை நகர்த்தினால்தான் விளக்கு முழுதாக எரியும். தண்ணீர்க் குழாய் கை கழுவும் தொட்டியில் மட்டும். அதனால் ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளை உங்கள் பையில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தியதும் பெரிய உறிஞ்சும் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டு வண்டி வருவதற்குமுன் போய்விடுங்கள். வண்டி வந்துவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். பனங்கற்கண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டே இருங்கள்.

இறங்கியபின்

கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். 01:40-க்குக் கிளம்பினால் அதே தேதியின் காலை எட்டு மணியைப் போல் போய் இறங்குவீர்கள்.

அமெரிக்கக் குடியேற்ற வரிசையில் விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள். ஏன் வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்பவைதான் கேள்விகள். மகளையும் பேரக்குழந்தையையும் பார்க்க வந்தேன், இந்த முகவரி, இத்தனை மாதம் என்று சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். கேள்வி புரியவில்லை என்றால் தலையாட்டிவிடாதீர்கள். அட்டையைக் காட்டி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள். புரியாமல் சொன்ன ஒரு 'யெஸ்' எத்தனையோ பேரைத் தனி அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்திருக்கிறது.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள். பொடி, ஊறுகாய், முறுக்கு என்று பட்டியலைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், கூடாத பொருள் இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம். வெளியே வந்ததும் கூடத்திலேயே நில்லுங்கள். மகளைத் தேடிக் கண்ணாடிக் கதவைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டால் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும், பகல் மூன்று மணிக்குக் கண் சொருகும். பகலில் வெயிலில் நடங்கள். தூக்கம் வந்தாலும் இரவு ஒன்பது வரை தாக்குப்பிடியுங்கள். ஒரு வாரத்தில் சரியாகும். திரும்பி மும்பைக்கு வந்தபின்தான் இன்னும் கடினமாக இருக்கும். கிழக்கு நோக்கிய பயணம் உடம்புக்கு அதிகச் சிரமம்.

அந்த வாரமே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். மகளை ஐ-94 இணையதளத்தைத் திறக்கச் சொல்லி, உங்கள் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று அதில் இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம். விசா பத்து ஆண்டுக்கு இருக்கிறதே என்று பலர் இதைப் பார்ப்பதே இல்லை. விசா என்பது வாசல் வரை வருவதற்கு மட்டும்தான். தங்கும் நாளைச் சொல்வது ஐ-94. அந்தத் தாளை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். மகள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, திரும்பும் டிக்கெட் அதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு குழந்தைக்கு எண்ணெய் காய்ச்சப் போங்கள்.